என் பெயர் மேலே இருந்த மூன்று நாட்கள்

அண்ணை,

இன்று எங்கள் தொழிற்சாலைச் சுவருக்கு வெள்ளை அடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். எண்ணிக்கைப் பலகை தொங்கிய இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் இருந்தன. அவற்றைப் பூசி மறைக்கும்வரை வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆளுக்கொரு பிரஸ் மெஷினில் நின்று நாங்கள் இருவரும் அடித்த தகடுகளின் எண்ணிக்கையை எங்கள் மேற்பார்வையாளரான மைஸ்டர் தினமும் அதில் எழுதுவார். எப்போதும் கூடுதலாக அடித்த உங்கள் பெயர் மேலே, என் பெயர் கீழே. ஜெர்மனியில் இந்த டுசல்டோர்ஃபுக்கு ஒரே வருடம் வந்தோம், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். இரண்டு மாதம் மூத்தவர் என்பதற்காக உங்களை அண்ணை என்று கூப்பிட வேண்டியிருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. மைஸ்டர் எதற்கெடுத்தாலும் உங்களைத்தான் கேட்பார். கோயில் திருவிழாவிலும் ஆட்கள் உங்களைச் சுற்றித்தான் நிற்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஒரு நாளாவது உங்களை முந்த வேண்டும் என்று, வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த, நல்லூர்க் கோபுரம் போட்ட காந்தத்தைக் கொண்டுவந்து பாதுகாப்புக் கதவின் சுவிட்சில் ஒட்டினேன். கதவு திறந்திருந்தாலும் பூட்டியிருப்பதாக மெஷின் நம்பிவிடும். ஒவ்வொரு தகட்டுக்கும் சில விநாடிகள் மிச்சம். மூன்று நாள் என் பெயர் மேலே இருந்தது. அந்த மூன்று நாளும் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

நான்காம் நாள் ஒரு தகடு கோணலாக விழுந்தது. எடுக்கக் கையை உள்ளே விட்டேன். அச்சு இறங்கத் தொடங்கியதை நான் காணவில்லை, நீங்கள் கண்டீர்கள். பாய்ந்து வந்து சிவப்புப் பொத்தானில் அடித்தீர்கள். என் விரல்களுக்குச் சற்று மேலே அது நின்றது.

"உனக்கென்ன விசரே? கையை எடடா!"

கையை வெளியே எடுத்ததும், "மைஸ்டரிட்டைச் சொல்லப் போறியளோ?" என்று கேட்டேன்.

"ஓம். எழுதாமல் விட ஏலாது."

இதுதான் தருணம், என்னைத் தொலைத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். மைஸ்டருக்குக் கொடுத்த விபத்துப் படிவத்தில் காந்தத்தை நீங்கள் மறைக்கவில்லை. ஆனால் 'காரணம்' என்ற இடத்தில் என் பெயர் இல்லை. இரண்டு பேரைப் போட்டிக்கு விடும் பலகைதான் காரணம் என்றும், அந்தப் போட்டியில் நீங்களும் ஓடினீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். மறுவாரம் பலகையைக் கழற்றினார்கள், சுவிட்சையும் மாற்றினார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ இன்னும் எரிந்தது. நல்லவனாக இருப்பதிலும் இந்த மனிதன் என்னை முந்திவிட்டானே என்று.

போன மாசியில் புற்றுநோய் உங்களைக் கொண்டுபோனது. மயானத்தில் மைஸ்டர் விம்மி விம்மி அழுதார். என் சாவுக்கு இந்த ஆள் இப்படி அழுவாரா என்றுதான் அப்போதும் யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உங்களிடம் பொய் எதற்கு? பொறாமை இன்னும் என்னோடுதான் இருக்கிறது. அதையும் சுமந்துகொண்டுதான் அன்று வரிசையில் நின்று உங்கள் பெட்டிக்குள் பூப்போட்டேன், நீங்கள் எனக்கு மிச்சம் வைத்த இந்த வலது கையால்.