குகைக்கு வெளிச்சம் கேட்ட குழு

பிப்ரவரி 6

குழுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். விவாகரத்துக்குப் பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று கூட்டத்தில் பார்த்தேனே, நன்றாகத்தான் இருக்கிறீர்கள். கன்னம் உப்பியிருக்கிறது.

வனத்துறையிலிருந்து ஓய்வு பெற்றதும் மலைப்பூங்காவின் ஆலோசனைக் குழுவுக்கு உங்களைத் தலைவராக்கியதில் எனக்கு ஆச்சரியமில்லை. யார் எது கேட்டாலும் தலையாட்டுகிற ஆள் அரசாங்கத்துக்கு வேண்டும்; கண் முன்னாலேயே ஒருவர் இருந்தார். என்னை ஏன் உறுப்பினராகச் சேர்த்தீர்கள் என்பதுதான் புரியவில்லை.

என்ன அறை அது! காட்டைக் காப்பாற்ற யோசனை சொல்லும் இடத்தில் நாலு மூலையிலும் பிளாஸ்டிக் செடி. ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா வணக்கம் சொன்ன கையோடு தூங்கிவிட்டார். ஏரிக்கரை ஹோட்டல்காரர் மட்டும் விழித்திருந்தார். அவர் தூங்கியிருந்தால் நாட்டுக்கு நல்லது.

"மேடம், குகைக்குள்ள கலர் லைட்டு போட்டா வௌவாலுக்கும் கொஞ்சம் கலகலப்பா இருக்கும்ல?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

அந்தக் குகையில் வௌவால்களை ஆராய்ந்தே என் பாதி ஆயுள் போயிருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் எனக்கு வௌவாலம்மா என்று பேர் வைத்ததே அதனால்தான். இதெல்லாம் தெரிந்தும் சிரித்தீர்கள்.

இப்படிக்கு,
வௌவாலம்மா


பிப்ரவரி 15

அன்புள்ள வௌவாலம்மாவுக்கு,

நீ போனை எடுக்க மாட்டாய் என்பதால் எழுதுகிறேன். திட்டாவது எழுதினாயே, சந்தோஷம். இரண்டு தடவை படித்தேன். கன்னம் உப்பியது மருந்தினால். சர்க்கரை இல்லை, பயப்படாதே. நீ பயப்படுவாய் என்றும் நான் நினைக்கவில்லை.

உன்னைச் சேர்த்ததற்குக் காரணம் எளிது. அந்த மேஜையில் உண்மையைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நான் சொன்னால் எடுபடாது. நீ சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஹோட்டல்காரரை ஒரேயடியாக விரட்ட முடியாதும்மா. அமைச்சர் வரைக்கும் செல்வாக்கு. அதனால் நடுவழி ஒன்று யோசித்திருக்கிறேன்: விளக்கு குகையின் முன்கூடத்தில் மட்டும், வௌவால்கள் இருக்கும் உள்கூடத்தைத் தொடக் கூடாது. அதுவும் குட்டிகள் பறக்கப் பழகிய பிறகுதான். அதுவரை ஒரு பல்புகூட எரியாது. இது என் வாக்கு.

சின்னவள் போன் பண்ணினாள். "அம்மாவும் நீங்களும் ஒரே மேஜையிலயா? யாருக்கும் அடிபடலையே?" என்று கேட்டுச் சிரித்தாள். அவளுக்காகவாவது கொஞ்சம் பொறுத்துப் போ.

என்றும் உன் நலம் நாடும்,
அவளுடைய அப்பா


மார்ச் 3

தலைவர் அவர்களுக்கு,

உங்கள் வாக்கு வந்து சேர்ந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன், பழைய வாக்குகளோடு.

நடுவழி என்று எழுதியிருந்தீர்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற வித்தைக்கு நீங்கள் வைத்த பேர் அது. நம் வீட்டிலும் அதைத்தான் செய்தீர்கள். வேலையை விடு என்று உங்கள் அண்ணன் என்னிடம் சொன்னபோது, அவரிடம் "சரிதான்" என்றீர்கள். என்னிடம் வந்து "அவர் கிடக்கிறார்" என்றீர்கள். கடைசியில் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, "எனக்கு யாரோடும் சண்டை வேண்டாம்" என்று நீங்களே கிளம்பிப் போனீர்கள்.

முன்கூடத்துக்கும் உள்கூடத்துக்கும் நடுவில் கதவா இருக்கிறது? இரண்டும் ஒரே பொந்து. முன்னால் விளக்கெரிந்தால் பின்னால் விடிந்துவிடும். தாய்கள் மிரண்டு பறந்தால் குட்டிகள் பிடி விட்டுக் கீழே விழும். தரையெல்லாம் எச்சம், அதற்குள் கறி தின்னும் வண்டு. மிச்சத்தை எழுதவில்லை, உங்களுக்குச் சாப்பாடு இறங்க வேண்டும்.

ஆனாலும் குட்டிகள் பறக்கும்வரை ஒன்றும் நடக்காது என்றீர்களே, அதை மட்டும் நம்புகிறேன். சின்னவளுக்காக.

வௌவாலம்மா


ஏப்ரல் 22

அன்று அந்த மைக்கைப் பிடித்தவருக்கு,

பூங்காவைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றுதானே உறுப்பினர்களுக்குச் சொல்லி அனுப்பினீர்கள்? நானும் மடச்சி மாதிரி தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக வந்து நின்றேன். பார்த்தால் குகை வாசலில் பந்தல், நாற்காலி, அமைச்சர். உள்ளே போகும் வயர்களைக் கண்டதும் உங்களைத் தேடினேன். நீங்கள் என் கண்ணில் படாமல் ஹோட்டல்காரருக்குப் பின்னால் நின்றீர்கள்.

பிறகு பேசினீர்கள். "இது வெறும் சோதனைதான். யாருக்கும் ஆட்சேபம் இல்ல. எங்க வௌவால் நிபுணரே சம்மதிச்சுட்டாங்க!"

எல்லாரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். "நான் சம்மதிக்கல!" என்று கத்தினேன். அதற்குள் பாட்டைப் போட்டுவிட்டார்கள். ஹோட்டல்காரர் பொத்தானை அமுக்கினார். குகை பச்சையானது, சிவப்பானது, ஊதாவானது. உள்ளேயிருந்து புகை மாதிரி வௌவால்கள் பட்டப்பகலில் கிளம்பின. அமைச்சர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காருக்கு ஓடினார். அவர் பின்னாலேயே குழுவும் ஓடியது. நீங்களும்தான்.

நான் உள்ளே போனேன். உள்கூடத்தின் தரை அசைந்துகொண்டிருந்தது. ரோமம்கூட முளைக்காத குட்டிகள். கையுறைகூடக் கொண்டுவரவில்லை, கைக்குட்டையால் எடுத்து ஒவ்வொன்றாகச் சுவரில் தொற்றவிட்டேன். எடுக்க எடுக்க வண்டுகள் முந்திக்கொண்டன.

பின்னால் யாரோ வந்தார்கள். தூங்குமூஞ்சி நீதிபதி. கோட்டைக் கழற்றித் தரையில் விரித்தார்.

"இதுல வைக்கலாமாம்மா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. எங்க கால் வைக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க."

சாயங்காலம் வரை இருந்தார். தாய்கள் சில திரும்பி வந்தன. பல வரவில்லை. கோட்டில் கிடந்த குட்டிகள் பாதிக்கு மேல் செத்துப்போயின.

என் வாயால் வராத சொல்லை என் பேரில் சொன்னீர்கள். உங்களைக் கோழை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அது மரியாதையான சொல்.


மே 4

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு பத்து நாள் உட்கார்ந்திருந்தேன். அமைச்சர் வருகிறார் என்று முதல் நாள்தான் சொன்னார்கள். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன், வேறென்னவோ வந்தது.

நேற்று தலைவர் பதவியை ராஜினாமா செய்துவிட்டேன். "என் மனசாட்சி இடம் கொடுக்கல" என்று வனத்துறைச் செயலாளரிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எதிர்த்து நின்றிருக்கிறேன். நீ பார்த்திருக்க வேண்டும். வெளியே வந்தபோது உடம்பே லேசாக இருந்தது.

சின்னவள் இந்த மாதக் கடைசி ஞாயிறு வருகிறாள். நானும் வரட்டுமா? ஒரு வேளை சாப்பாடு, அவ்வளவுதான். என்னைக் கொஞ்சம் பார்த்தால் போதும்.

உன்,
நான்


மே 21

முன்னாள் தலைவருக்கு, முன்னாள் கணவருக்கு,

உங்களுக்கு உடம்பு லேசானது தெரிந்து மகிழ்ச்சி. உங்கள் நாற்காலியில் இப்போது யார் தெரியுமா? ஹோட்டல்காரர். நீங்கள் எழுந்த சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

எதிர்த்து நிற்கிறவர் நிற்பார். நீங்கள் கிளம்பிப் போனீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இந்த வயதிலும் உங்களுக்குத் தெரியவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து "முடியாது" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் விளக்கு விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். தலைவர் மறுத்தால் அது மேலே போகாது. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து மனசாட்சி என்று பெரிய சொல்லாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டீர்கள்.

நான் விலகவில்லை. நேற்றைய கூட்டத்துக்கும் போனேன். "விளக்கு தொடரட்டும், எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார் புதுத் தலைவர், பல்லைக் காட்டிக்கொண்டு. "இல்லை" என்றேன். "ஒருத்தர்தானே?" என்றார். நீதிபதி கையைத் தூக்கினார்.

"ரெண்டு பேர். அந்தக் குகை சட்டம் காக்கிற இடம். இனி ஒரு விளக்கு எரிஞ்சா நானே வழக்குப் போடுவேன். எனக்குத் தூக்கம் வர்றதே இல்ல சார், நிறைய நேரம் இருக்கு."

இன்று காலையிலிருந்து வயர்களைக் கழற்றுகிறார்கள். மழைக்காலம் முடிகிறவரைதான். அதற்குப் பிறகு மறுபடி ஆரம்பிப்பார்கள், நாங்களும் ஆரம்பிப்போம். வெற்றி என்று இதைச் சொல்ல மாட்டேன். போன தாய்களில் இன்னும் பாதி திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் வரட்டும். நீங்கள் வர வேண்டாம். கோபத்தில் சொல்வதாக நினைப்பீர்கள். கோபம் மட்டும் இருந்தால் வரச் சொல்லி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அந்த முகத்தோடு எதிரே வந்து உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி தா" என்று கேட்டால், மன்னித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

வௌவாலம்மா