நான் நிரப்பிய காலிக் கட்டம்

ஜூன் 10, செவ்வாய்
காலை முதல் மழை. மிளகு லோடு வரவில்லை. குடோன் குமாஸ்தாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? மறுபடி இணைய அகராதி; ஆர்வலர்கள் சேர்ந்து எழுதுவது, நானும் ஒருவன். லத்தீனையும் அதன் உடன்பிறப்புகளையும் பெற்ற மொழி. அதில் எழுதிய ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துத் தாயின் முகத்தை ஊகிக்கிற வேலை.

ஃபெரோ: சுமக்கிறேன். ஃபெரெஸ், ஃபெரெத்... அட்டவணை போன வருடம் நான் போட்டது. நம் ‘பாரம்’ இதற்குத் தூரத்துச் சொந்தம். மழை விட்டதும், வழி விலகச் சொல்லி, மூட்டை சுமக்கும் நாசரின் குரல்: "மாறிக்கோ சேட்டா, பாரம் வருது!"

மாலை நித்யாவின் மெயில். மலையாளம் கலந்து பேசும் சித்தூர்க்காரி, மொழி ஆராய்ச்சி மாணவி. என் அட்டவணையை அப்படியே ஆய்வேட்டில் சேர்த்திருக்கிறாளாம். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். "ரொம்ப நன்றி சாரே." என்னைச் சார் என்பவள் இவள் ஒருத்தி.

ஜூன் 11
அட்டவணையை மறுபடி திறந்தேன். அந்த இறந்தகாலக் கட்டம். ‘சுமந்தேன்’ என்பதற்கு லத்தீன் வேறொரு வினையிடம் இரவல் வாங்குகிறது. லத்தீனைப் பெற்ற மொழியில் என்ன இருந்தது? தெரியாது. அகராதி எழுதும் எங்கள் வழக்கம்: ஆதாரத்தோடு கணித்த வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரம். ஆதாரமே இல்லையென்றால் கட்டம் காலி. அந்த ஓட்டையைப் பார்க்கப் பொறுக்காமல் நானே ஒன்றைச் சமைத்தேன். நட்சத்திரமும் வைத்தேன். நித்யாவின் மூன்றாம் அத்தியாயம் அதன்மேல் நிற்கிறது.

மீனாவிடம் சொன்னேன். "சொல்லாட்டா அந்தக் குட்டி என்ன பண்ணும்? உங்க கௌரவத்தை அலமாரில வெச்சுப் பூட்டுங்கோ." பெண்டாட்டி சொன்னால் சரியாகத்தான் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

ஜூன் 12
வெயில். வாங்க: கப்பைக்கிழங்கு, தைலம், குடை ரிப்பேர்.
படகுத்துறையில் நின்று நித்யாவுக்குப் போன் செய்தேன். அந்தக் கட்டம் நான் சமைத்தது என்று சொல்லிவிட்டேன். "நான் உங்களை நம்பித்தானே எழுதினேன்?" வைத்துவிட்டாள்.

அகராதியில் கட்டத்தைக் காலி செய்தேன். காரணம் கேட்காமல் நாசர் சாயா வாங்கித் தந்தார். வெட்கம். அழுகை வந்தது.

ஜூன் 13, வெள்ளி
மதியம் அவளே கூப்பிட்டாள்.
"கைடு ஒரு வாரம் தவணை தந்தாங்க. அத்தியாயத்தை மாத்தறேன். சத்தியமா பறயணும், வேற எங்கயாச்சும் சமைச்சு வெச்சிருக்கேளா?"
இரண்டு இடம் சொன்னேன். கொஞ்சம் பொறுத்து மூன்றாவதும்.
எழுதிக்கொண்டாள். "சரி சாரே."
சாரே என்றாள்.