இணைச்சீருக்கு உன்ற பேரத்தான் சொல்லியிருக்கறாங்க

மதுக்கரை
ஆடி வெள்ளிக்கெழமை

கண்ணு லோகப்பிரியாவுக்கு,

அம்மா எழுதறது. நானும் உங்கப்பாவும் இங்க சொகம். சொகம்னு எழுதித்தான் காயிதத்தத் தொடங்கோணும்கறதால எழுதறேன், மத்தபடிக்கு நீயே ரோசனை பண்ணிக்க. நீ ஹாஸ்டல்ல நேரத்துக்குச் சாப்பிட்டு நோவு நொடி இல்லாம இருக்கோணும்னு மாரியாத்தாளுக்கு வெளக்குப் போட்டுத்தான் வாரேன், கோவத்துல அத மட்டும் நான் நிறுத்தல. கல்கத்தாவுல மழைன்னு டிவியில காட்டுனாங்க, ஈரத் தலையோட படுக்காத. இதெல்லாம் போன்ல சொல்லலாமேன்னு கேப்ப. போன்ல நான் வாயத் தொறந்தா உனக்குக் கிளாஸ் வந்துருது, பொறவு கூப்படறேம்மாங்கற, அந்தப் பொறவு வாரதே இல்ல. காயிதம்னா முடியற மட்டும் படிச்சுத்தான் ஆகோணும். நான் எழுதறது உங்கப்பாவுக்குத் தெரியாது.

தோப்புல இந்த வருசமும் வெள்ளை ஈ உழுந்து தென்னோலையெல்லாம் கரி பூசுனாட்ட கெடக்குது. உங்கப்பா காலைல போனா பொழுதோடதான் ஊட்டுக்கு வாரார். வேலை இருக்குதோ இல்லியோ அங்கயே மோட்டார் ரூம்புல உக்காந்துக்கறார். ஊட்டுல இருந்தா யாராச்சும் வந்து பெரியப்பன் பேச்ச எடுப்பாங்கன்னு பயம். அண்ணன் தம்பி ஒத்துமைக்கு நம்ம ஊட்டத்தான் ஊரே கை காட்டும், இப்ப அந்த மனுசன் மரத்துக்கு மரம் பேசிக்கிட்டுத் திரியறார்.

மாசி நோம்பிக்கு நீ வந்திருந்தப்ப பெரியப்பன் மத்தியானம் சாப்பிட வந்தது ஞாவகம் இருக்குதா? அரிசிம்பருப்புச் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சொன்னாரு, இருதயத்துல வால்வு சரியில்ல, பவுண்டரி உலைச் சூட்டுல இனி நிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு, நம்ம பையன் கிருபா மாட்டு டாக்டர் வேலைய உட்டுப்போட்டு பவுண்டரிக்கு வாரமாட்டேங்கறான், அவன் கண்ணாலம் முடியட்டும், பக்குவமா எல்லாத்துக்கும் சொல்லிக்கலாம், அது வரைக்கும் இந்தப் பேச்சு இந்த ஊட்டத் தாண்டக்கூடாதுன்னு. பெரியம்மாவுக்கே முழுசாச் சொல்லலைன்னாரு. தம்பி ஊடுன்னு நம்பித்தான வாயத் தொறந்தாரு. நீ மோர் ஊத்திக்கிட்டு நின்ன. உன்னையப் பாத்துச் சிரிச்சு, நீ பேங்க்குப் படிப்புப் படிக்கிற புள்ள, பெரியப்பனுக்கு ஒரு வழி சொல்லு அம்மணின்னாரு. அதப் புடிச்சுக்கிட்டுத்தான் நீ இப்ப, அவருதானம்மா கேட்டாருங்கற. வழி சொல்லச் சொன்னாரு கண்ணு, ஊருக்குச் சொல்லச் சொல்லல.

லீவுல வேலை பழகப் போன அந்தப் பம்பாய் பேங்க்குல நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. கம்பெனிய விக்கறவனுக்கும் வாங்கறவனுக்கும் நடுவுல நிக்கற பேங்க்குன்னு நீ சொல்லித்தான் தெரியும், நான் நம்மூர் பேங்க்காட்ட டோக்கன் போட்டுக் கூப்படற எடம்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன். இன்டர்ன்னு பேரு பெத்த பேரு, நாற்காலிலயே தூக்கம், பாக்கெட் சோறு. ஒருக்கா கம்ப்யூட்டர்ல நீ போட்ட படத்துல ஒரு கட்டம் கோணலா இருக்குதுன்னு உன்ற மேலாளு எல்லாத்து முன்னாலயும் ஏசுனான்னு பாத்ரூம்ல இருந்து கூப்பிட்டு அழுத. நானும் இங்க அடுப்ப அணைச்சுப்போட்டு அழுதேன். ஆளுக்கொரு கம்பெனியக் கண்டுபுடிச்சு, இத இன்னார் வாங்கலாம்னு யோசனை கொண்டாரச் சொல்றாங்க, மத்த புள்ளைங்களோட அப்பனுக்கெல்லாம் பெரிய பெரிய ஆளுகளத் தெரியும், எனக்கு யாரைம்மா தெரியும்னு கேட்ட. வெசனப்படாத, உனக்கும் ஒரு வழி பொறக்கும்னு நாந்தான் சொன்னேன். அந்த வழி பெரியப்பன் நெஞ்சுக்குள்ள பூந்து போகும்னு நான் கண்டனா?

படிப்பு முடிஞ்சதும் அங்கயே வேலைன்னு உறுதி பண்ணிப்போட்டாங்கன்னு நீ கூப்பிட்டுச் சொன்னப்ப எனக்குக் கால் தரையில நிக்கல. எதுக்குக் குடுத்தாங்கன்னு நான் கேக்கல, நீயும் சொல்லல. அன்னிக்கே கச்சாயம் சுட்டுத் தூக்குப்போசி நெறைய எடுத்துக்கிட்டு மொதல் மொதல்ல பெரியப்பன் ஊட்டுக்குத்தான் ஓடுனேன். அவரு ஒண்ணு எடுத்துக் கடிச்சு, சக்கரை இருக்கற ஒடம்பு, ஆனாப் பாப்பாவுக்காவத் திங்கறேன்னாரு. நெனைச்சா இப்பவும் மனசு பொக்குனு போகுது. அதுக்குப் பொறவு ஒரு நாள் பவுண்டரி வாசல்ல காரு வந்து நின்னுது. உன்ற பேங்க்குக்காரன் ஒருத்தன், பம்பு கம்பெனிக்காரன் ஒருத்தன். உக்காந்ததுமே, உங்களுக்கு வால்வு கோளாறாமே, பையனும் தொழிலுக்கு வாரலையாமே, நல்ல வெலைக்கு முடிச்சுக் குடுக்கறோம்னு ஆரம்பிச்சிருக்கறாங்க. டீ கொண்டு வந்த ஆளு, சூப்பர்வைசர், எல்லாம் அங்கதான் நின்னிருக்கறாங்க. பெரியப்பன் அவங்களக் காரு வரைக்கும் கூட்டிப் போயித் தனியாக் கேட்டிருக்கறாரு, இத யாரு சொன்னதுன்னு. அந்த ஆளு சிரிச்சுக்கிட்டே, உங்க ஊட்டுப் பொண்ணுதாங்க, எங்க இன்டர்னுகள்லயே ரொம்பக் கெட்டிக்காரின்னானாமா.

பவுண்டரி கை மாறப்போகுதுன்னு மோல்டிங் ஆளுக பாதிப் பேரு வேற எடம் தேடிப் போயிட்டாங்க. கொடுமுடில இருந்து கிருபாவுக்குப் பேசி வெச்ச பொண்ணோட அப்பன் கூப்பிட்டு, சீக்க மறைச்சு எங்க புள்ளையக் கேட்டீங்களான்னு சத்தம் போட்டாரு. அந்த நவ்யாப் புள்ள, நான் கட்டிக்கப்போறது கிருபாவ, பவுண்டரிய இல்லைன்னு சொன்னதாலதான் கண்ணாலம் தப்பிச்சுது, இல்லீன்னா அதுவும் போயிருக்கும். அது வெளியூர்ப் புள்ள, இன்னும் நம்ம ஊட்டு வாசப்படி மிதிக்கல, அதுக்கு இருக்கற ஈரம் உனக்கு இல்லாம போச்சே. பேரு சொல்லலம்மா, கம்பெனியத்தான் சொன்னேன்னு நீ சொல்றயே, கோயமுத்தூருல உங்க பெரியப்பன் பேரச் சொல்லாம அந்தக் கம்பெனியச் சொல்ல முடியுமா? அட கெரகமே, படிச்ச புள்ள பேசற பேச்சா இது.

இனி எழுதப்போறதுதான் உனக்குத் தெரியாதது. விசயம் வெளிய எப்படிப் போச்சுன்னு எல்லாரும் கேட்டாங்க. பெரியப்பன் உன்ற பேரச் சொல்லல. பெரியம்மாகிட்டச் சொல்லல, கிருபாகிட்டயும் சொல்லல. இங்க வந்து எங்க ரெண்டு பேருகிட்ட மட்டும் சொல்லிப்போட்டு, பொட்டப்புள்ள, பொழைக்கப் போற எடம், ஊரு வாயில உழுகக்கூடாதுன்னாரு. சொல்லாம இருந்தா ஊரு சும்மா இருக்குமா? தம்பிகாரந்தான் பவுண்டரி மேல ஆசை வெச்சுப் பேசி உட்டுட்டான்னு கதை கட்டிப்போட்டாங்க. உங்கப்பா அத இல்லைன்னு சொல்லல. நான் எத்தனையோ மல்லுக் கட்டுனேன், எம்மேல இருந்துட்டுப் போவுது உடு சென்னின்னு ஒரே வார்த்தை. பெரியம்மா என்ற தூக்குப்போசியத் திருப்பிக் குடுத்து உட்டாங்க. அவங்க என்னிக்காச்சும் போசிய வெறுசாத் தாட்டியிருக்கறாங்களா, ஒரு கை சக்கரையாச்சும் போட்டுத்தான வரும். இந்த வாட்டி ஒண்ணுமில்ல.

போன புதன்கெழமை பெரியப்பன் பத்திரிக்கையோட வந்தாரு. தட்டத்துல வெத்தலை பாக்கு வெச்சு, குடும்பத்தோட வந்தரோணும்னு, ஒறம்பரைக்குச் சொல்றாட்டச் சொன்னாரு. கூடப் பொறந்த தம்பிக்கு! பத்திரிக்கையில அழைக்கிறவங்க வரிசையில உங்கப்பா பேரு இல்ல. பெரியம்மா ஒரே புடியா எடுக்கச் சொல்லிட்டாங்களாமா. உங்கப்பா ரெண்டு கையிலயும் தட்டத்த வாங்கிக்கிட்டாரு. காப்பி வெச்சேன், பெரியப்பன் குடிச்சாரு, அது வரைக்கும் புண்ணியம். எந்திரிக்கறப்ப எங்கிட்டச் சொன்னாரு, அம்மணி, இணைச்சீருக்கு லோகுவ வாரச் சொல்லுன்னு. தங்கச்சி மொறைக்கு ஒருத்தி மாப்பளை பக்கத்துல நின்னாத்தான அந்தச் சீரே நடக்கும். பெரியம்மா வேற புள்ளைய நிறுத்தலாம்னாங்களாமா. கிருபாதான் ஒத்துக்கலையாமா. சித்தப்பா பண்ணுனதுக்கு லோகு என்ன பண்ணுவா, எனக்குக் கூடப் பொறந்தவ இல்ல, அவதான் என்ற இணைச்சீர்க்காரி, அவ வாரலீன்னா எனக்கு இணைச்சீரே வேண்டாம்னு சொன்னானாமா. உங்கப்பா கேட்டுக்கிட்டேதான் நின்னாரு. சரிங்க அண்ணான்னாரு.

பெத்தவ சொல்றேன், கேட்டுக்க. அலங்காரம் பண்ணி, பேழைமூடிக் கூடையத் தூக்கிக்கிட்டு, ஊரே பாக்க நீ மேடைக்கு வருவ. கூறைச்சேலையில ஒரு மொனை உன்ற கையில இருக்கும், மறு மொனை அந்தப் பையன் கையில இருக்கும். பேங்க்குக்காரனுக்குச் சொல்றதுக்கு இருந்த தைரியம் அவங்கிட்டச் சொல்றதுக்கும் இருக்கோணும். முன்னாலயே வா, கிருபாவத் தனியாக் கூப்பிட்டு நீயாச் சொல்லு. கேட்டுப்போட்டும் அவன் உன்னைய நிக்கச் சொன்னா நில்லு. சொல்ல முடியாதுன்னா வாராத, லோகுவுக்குக் காச்சல்னு நான் சொல்லிக்கறேன். இத்தன பொய்யச் சொமக்கற ஊட்டுக்கு இன்னொண்ணு பாரமில்ல. ஆனா உங்கப்பன் கெட்ட பேரோட கீழ உக்காந்திருக்க, நீ நல்ல பேரோட அந்த மொனையப் புடிக்கறத மட்டும் நான் பாக்க மாட்டேன்.

மேல ஒண்ணும் எழுத வரல. எண்ணெய் தேச்சுக் குளி. மாரியாத்தா உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் குடுக்கட்டும், நீ எங்க இருந்தாலும் நல்லா இரு. ரவிக்கை தைக்கக் குடுக்கோணும், அளவு அனுப்பு. அளவு வந்துதுன்னா நீ கிருபாகிட்டச் சொல்றதுக்குத்தான் வாரயின்னு எடுத்துக்குவேன். போசி இன்னும் வெறுசாத்தான் இருக்குது.

உன்ற அம்மா,
சென்னியம்மாள்