உன்னிடம் இருக்கும் பாதி

பிப்ரவரி 9

அன்புள்ள முன்பாதிக்கு,

நலம்தானே? கையில் போனை வைத்துக்கொண்டு இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் "நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்க" என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுகிறாய். அதற்குள் உன் வீட்டுக் குக்கர் கூவிவிடும். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

பார்சலைப் பிரித்ததும் பயந்துவிடாதே. புத்தகத்தை எலி கடிக்கவில்லை. நான்தான் பிளேடு போட்டு வெட்டினேன். முன்பாதி உனக்கு, வழக்கம்போல.

விஷயம் இதுதான். நம் வார இதழில் புத்தகப் பக்கத்தை நிறுத்துகிறார்கள். புது ஆசிரியர் கூப்பிட்டுச் சொன்னார். "மேடம், அடுத்த மாசத்தோட புத்தகப் பக்கம் கிடையாது. அந்த இடத்துல அழகுக் குறிப்பு வருது. கடைசிப் பக்கத்துக்கு உங்களுக்குப் பிடிச்ச புத்தகம் எடுத்துக்குங்க. எவ்வளவு நீளம் வேணாலும் எழுதுங்க." இத்தனை வருஷம் முந்நூறு வார்த்தைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதியவளுக்கு, கடையைச் சாத்தும் நாளில் எல்லாக் கதவையும் திறந்துவிட்டது போல இருந்தது.

அந்தக் கடைசிப் பக்கத்தின் கீழே என் பெயர் மட்டும் வர வேண்டாம். "இருவர்" என்று வர வேண்டும். பழைய மாதிரி. அதற்குத்தான் இந்தப் பார்சல்.

நினைவிருக்கிறதா? விமர்சனத்துக்கு ஒரு பிரதிதான் கொடுப்பார்கள். ஒரு வாரம்தான் அவகாசம். நமக்கோ யார் முதலில் படிப்பது என்று சண்டை. பைண்டிங் அண்ணன்தான் தீர்ப்புச் சொன்னார். "எதுக்கும்மா அடிச்சுக்கறீங்க, இங்க குடுங்க" என்று வாங்கிப் புத்தகத்தின் முதுகில் கத்தியால் ஒரே இழு. உனக்கு மயக்கமே வந்துவிட்டது. நாணயம் சுண்டினோம், நீ முன்பாதியை ஜெயித்தாய். அப்புறம் சுண்டவே இல்லை. நீ என்றைக்கும் முன்பாதி, நான் பின்பாதி என்று ஆகிவிட்டது. அலுவலகத்தில் நம் பெயரே மறந்துபோயிற்று. "பின்பாதி இருக்காங்களா?" என்று போனில் கேட்டு என் அம்மாவைக் கலவரப்படுத்துவார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் கேன்டீன் மூலை மேசையில் பாதிகளை மாற்றிக்கொள்வோம், படித்து முடித்ததும் அவரவர் பாதி அவரவரிடம் திரும்பிவிடும். முன்பாதிக்காரிதான் முதலில் நீட்ட வேண்டும், அது சட்டம். ஒரு மழை வாரத்தில் மாற்றிக்கொள்ள முடியாமல் போய், நீ உன் பாதியை நம்பி "அந்த மருத்துவரின் கருணை வாசகரை உருக்குகிறது" என்று எழுதிக் கொடுத்துவிட்டாய். என் பாதியில் அந்த மருத்துவர் மூன்று பேருக்கு விஷம் வைத்திருந்தார். நல்லவேளை, நாவலாசிரியரே நன்றி சொல்லிக் கடிதம் போட்டார். என் மருத்துவரை ஆழமாகப் புரிந்துகொண்டவர்கள் நீங்கள் இருவர் மட்டும்தான் என்று.

என் பிழைப்பு அதே பிழைப்புதான். காலையில் ஓவியக் கண்காட்சி, சாயங்காலம் நாடகம், நடுவில் பேருந்தில் புத்தகம். போன வாரம் ஒரு சிற்பி, நான் குறிப்பெடுப்பதை என் தோளுக்குப் பின்னால் நின்றே படித்துவிட்டு, "இன்னும் ரெண்டு நல்ல வார்த்தை போடுங்க, என் மாமியார் படிப்பாங்க" என்றார். வங்கியில் ஒரு பெண் விவரம் கேட்டாள். என்ன வேலை என்றாள். "பத்திரிகைகளுக்கு எழுதறேன். புத்தகம், நாடகம், ஓவியம் பத்தி." "அது சரிங்க. வேலை?" கடைசியில் இல்லத்தரசி என்று போட்டுக்கொண்டாள். மகளிடம் சொன்னேன். "அதுக்கும் நீ சரிப்பட மாட்டியேம்மா" என்கிறாள்.

அலமாரியை நேற்று ஒழித்தேன். அத்தனையும் பின்பாதிகள். தலைப்பில்லாத புத்தகங்கள். விருந்தாளிகள் பார்த்தால் ஏதோ வெள்ளத்தில் தப்பியவை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாம் கடைசியாக வெட்டிய அந்தக் கடல் நாவலும் இருக்கிறது. உன் அப்பாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்து, நீ உன் பாதியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாயே, அதேதான். போனவள் அங்கேயே தங்கிவிட்டாய், கல்யாணமும் ஆயிற்று. அந்தப் பாதியை நீ நீட்டவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. என் பாதியில் இரண்டாம் பக்கத்திலேயே ஓர் அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். யார் செத்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பதினெட்டு வருஷமாகப் பெயர் தெரியாத ஒருவருக்குத் துக்கம் கொண்டாடுகிறேன், பார்த்துக்கொள்.

புது நாவலைப் படித்துவிட்டு எழுது. உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம்.

என்றும் உன்
பின்பாதி


பிப்ரவரி 21

அன்புள்ள பின்பாதிக்கு,

உன் பார்சலை வீட்டுக்காரர்தான் பிரித்தார். பாதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மீதியைத் தபால்காரன் எங்கேயோ தொலைச்சுட்டான்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் புகார் கொடுக்கக் கிளம்பிவிட்டார். பிடித்து உட்கார வைத்து விளக்கினேன். "ரெண்டு பேரும் படிச்சவங்கதானே?" என்றார்.

சிரித்தேன். உன் கடிதத்தில் பாதி தூரம் சிரித்துக்கொண்டே வந்தேன். மருத்துவரை நான் மறந்தே போயிருந்தேன். அப்புறம் அந்தக் கடல் நாவல் வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எழுந்து அணைக்கவில்லை.

உனக்கு நான் இதைச் சொன்னதில்லை. யாருக்குமே சொன்னதில்லை.

அப்பாவுக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. ஆஸ்பத்திரியில் சாயங்காலம் போவதே பெரும்பாடு. பைக்குள் இருந்தது அந்தப் பாதி ஒன்றுதான். படித்துக் காட்டினேன். உன் அளவுக்குத் தெரிய வேண்டியது இதுதான்: கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் ஓர் அப்பா. அவரோடு சண்டை போட்டுக்கொண்டு கப்பல் ஏறிவிடும் மகன். மகன் திரும்பி வருவானா என்று அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். என் அப்பா கதையே படிக்காதவர் என்று உனக்குத் தெரியும். "கதை எழுதறவனுக்கு வேற வேலை இல்ல, அதைப் பத்தி எழுதற உனக்கு அதுவும் இல்ல" என்பார். அவர் இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் வந்தால்கூட, "இரும்மா, கப்பல் கெளம்புது" என்பார்.

என் பாதி நடு வாக்கியத்தில் அறுந்து நிற்கிறது. "மகன் கப்பல் தளத்தில் நின்று கரையைப் பார்த்து" என்று.

"பார்த்து? பார்த்து என்னடி செஞ்சான்?"

"கும்பிட்டான்னு போட்டிருக்குப்பா."

வேறென்ன செய்வேன்? மிச்சம் உன் அலமாரியில் இருந்தது. அன்றிலிருந்து அதே தாள்களை மறுபடி மறுபடி புரட்டிக்கொண்டு, படிப்பது போலவே, பின்பாதியை நானே சொன்னேன். புயல் வந்தது, துறைமுகம் வந்தது. எப்படியெல்லாமோ இழுத்தேன். அப்பா தினமும் அதையேதான் கேட்பார், "வந்தானா?" என்று. ஒரு நாள் அவருடைய மூச்சு சரியாக இல்லை. வந்துவிட்டான் என்று படித்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து நின்றார் என்று படித்தேன்.

கண்ணை மூடிக்கொண்டே கேட்டார், "சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாம்பா."

அதற்குப் பிறகு அவர் கதை கேட்கவில்லை.

இப்போது புரிகிறதா, நான் ஏன் அந்தப் பாதியை நீட்டவில்லை என்று? நீட்டினால் நீ உன்னுடையதைக் கொடுப்பாய். அதில் அவன் வராமல் போயிருந்தால், நான் அப்பாவிடம் சொன்னது என்ன ஆகும்? அதனால்தான் உன் பாதியையும் கேட்கவில்லை. அதற்கப்புறம் எந்த நாவலையும் திறக்கவும் இல்லை. நீ வேடிக்கையாக இரண்டே வரியில் சொல்லிவிட்டாய். அடக்கம் என்று. கப்பலில் போனவன்தானே செத்திருப்பான்?

உன்மேல் கோபம் இல்லை. உனக்கு எப்படித் தெரியும்? ஆனால் இந்தப் புது நாவலைத் திருப்பி அனுப்புகிறேன். படிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் உன் பெயரையே போட்டுக்கொள். இத்தனை வருஷம் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்தவள் நீதான். "இருவர்" எப்போதோ முடிந்துவிட்டார்கள்.

மகளுக்கு என் ஆசி. உடம்பைப் பார்த்துக்கொள். பேருந்தில் படிக்காதே, கண் போய்விடும்.

அன்புடன்
நான்


மார்ச் 3

என் அன்பு முன்பாதிக்கு,

கையெழுத்துப் போடும் இடத்தில் "நான்" என்று போட்டிருக்கிறாய். நீ எழுதியதில் அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றைக்குத் துக்கம் கேட்க வந்தபோது உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா போன அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாவலையே சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரியாமல் போயிற்று.

உண்மையைச் சொல்லட்டுமா? உன் கடிதத்தைப் படித்ததும், "செத்தவன் வேறு யாரோ, உன் ஆள் பத்திரமாக வந்துவிட்டான்" என்று எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். நீ பின்பாதியைப் பார்க்கப்போவதில்லை. யாருக்கும் நஷ்டமில்லை. பிறகு வைத்துவிட்டேன். படிக்காத பக்கத்தைப் பற்றி எழுதக் கூடாது என்று நீதான் மருத்துவர் விவகாரத்துக்குப் பிறகு சட்டம் போட்டாய்.

ஆகவே அலமாரியில் இருந்து எடுத்து மறுபடி படித்தேன். ஒரு நாடகத்துக்குப் போகவேண்டியிருந்தது, போகவில்லை. இயக்குநர் என்னைத் திட்டியிருப்பார்.

முதலில் ஒன்று. என் பாதியின் முதல் இரண்டு வார்த்தை "கொட்டாவி விட்டான்." மன்னித்துக்கொள். கும்பிடவெல்லாம் இல்லை.

இரண்டாம் பக்கத்தில் புது அத்தியாயம். அடக்கம் முடிந்து வருகிறார்கள். இறந்தவரின் பெயரைப் பென்சிலோடு தேடினேன். எங்கேயும் இல்லை. "பெரியவர்" என்று மட்டுமே சொல்கிறார்கள். பெரியவர் போய்விட்டார், பெரியவர் இருந்தால் இப்படி விடுவாரா, என்று. இவர் யாரென்று நாவலாசிரியர் எனக்குச் சொல்லவே இல்லை. உன் பாதியில் சொல்லியிருப்பார்.

மறுநாள் ஒருவன் வந்து சேர்கிறான். கையில் தகரப் பெட்டி. அவனுக்கும் பெயர் இல்லை, கடைசி வரைக்கும் "வந்தவன்" என்றுதான். வீட்டில் யாரும் அவனோடு பேசவில்லை. எங்கிருந்து வந்தான் என்றும் எழுதவில்லை. பெரியவருடைய வீட்டில் பங்கு கேட்க வந்த தூரத்துச் சொந்தம் என்று நினைத்து, இத்தனை வருஷம் அவனை வெறுத்திருக்கிறேன். ஆனால் இந்த முறை ஒரு விஷயம் உறுத்தியது. வந்தவன் எதையும் கேட்கவில்லை. யாருடைய முகத்தையும் பார்க்காமல் நேராகச் சமையலறைக்குப் போகிறான். மூலையில் இருக்கும் வெங்காயக் கூடையை இழுத்துப்போட்டு, அத்தனையையும் உரிக்கிறான். சொத்துக்கு வந்தவன் எதற்கு வெங்காயம் உரிக்க வேண்டும்? அழுவதற்கு ஒரு சாக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

இவன்தான் உன் பாதியில் வரும் மகனா? எனக்குத் தெரியாது. நிச்சயமாகத் தெரியாமல் சொல்ல மாட்டேன். பெரியவர் யார்? உன் பாதியில் யாரை அப்படிக் கூப்பிடுகிறார்கள்? பார்த்துச் சொல்ல உன்னால்தான் முடியும். அது உன்னிடம் இருக்கிறதோ, எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாயோ.

புது நாவலின் முன்பாதியை மறுபடியும் அனுப்பவில்லை. என் மேசைமேல் வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன். ஆசிரியரிடம் மாதக் கடைசி வரைக்கும் அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறேன். "அழகுக் குறிப்புக்காரங்க காத்திருக்காங்க மேடம்" என்றார். காத்திருக்கட்டும். அவர்களுக்கு ஒன்றும் வயதாகிவிடாது.

உன்
பின்பாதி


மார்ச் 14

அன்புள்ள பின்பாதிக்கு,

பேப்பர்காரரிடம் போடவில்லை. துணி அலமாரியின் மேல்தட்டில், அப்பாவின் சட்டை ஒன்றில் சுற்றி வைத்திருந்தேன். உன் கடிதம் வந்து இரண்டு நாள் அதைத் தொடவில்லை. வீட்டுக்காரர்தான் நாற்காலி போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தார். "எனக்குப் புரியல. ஆனா எடுத்துப் பாரு" என்றார். சொல்லிவிட்டுப் போய்ப் பக்கத்து அறையில் சத்தமாகத் தொலைக்காட்சி போட்டுக்கொண்டார், நான் தனியாக இருப்பதற்காக.

மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. கலங்கரை விளக்கத்துக்காரரைத் துறைமுகத்தில் எல்லாரும் பெரியவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மகன் சண்டை போட்டுக்கொண்டு கப்பலில் போனது சமையல் வேலைக்கு. கப்பலில் அவனுக்குக் கொடுக்கும் முதல் வேலை வெங்காயம் உரிப்பது. அழுதுகொண்டே உரிக்கிறான், மற்றவர்கள் கேலி செய்கிறார்கள்.

வந்தவன் அவன்தான். சந்தேகமே இல்லை. அவனுக்கு ஒரு வீட்டுக்குள் நுழைந்து செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். அவனைப் போய்ப் பதினெட்டு வருஷம் சொத்துக்கு வந்தவன் என்று வெறுத்திருக்கிறாய். நீயெல்லாம் ஒரு விமர்சகி.

செத்தது அவன் இல்லை. அவனுக்காகக் காத்திருந்தவர். அவன் ஒரு நாள் பிந்தி வந்திருக்கிறான். நான் அப்பாவிடம் சொன்னது பொய்யில்லை. அந்த ஒரு நாளை மட்டும் எடுத்துவிட்டேன். நாற்காலியும் எழுந்து நின்றதும் என் கைச்சரக்கு. ஆனால் அவன் வந்தான்.

நானும் ஒரு தந்தி பார்த்து அப்பாவிடம் ஓடியவள்தானே. எனக்கு அந்த ஒரு நாள் கிடைத்தது. ஒன்றல்ல, ஒரு மாதத்துக்குமேல் கிடைத்தது. ஒரு கதை சொல்லி முடிக்கும் அளவுக்கு. இதைக்கூட இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

என் பாதியை இத்துடன் அனுப்புகிறேன். தாமதம்தான். ஆனால் முன்பாதிக்காரிதான் முதலில் நீட்ட வேண்டும் என்பது சட்டம். ஓரங்களில் அப்பாவின் மாத்திரைக் கணக்கு எழுதியிருக்கும். அதை விமர்சனத்தில் சேர்க்காதே.

புது நாவலையும் அனுப்பு. வியாழக்கிழமைக்குள் படித்துவிடுகிறேன். கீழே என்ன பெயர் போட வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும். வெங்காயம் உரித்தவன் அப்புறம் சமைத்திருப்பான். அந்த வீட்டில் யாராவது அவனை உட்கார வைத்தார்களா, அவன் சாப்பிட்டானா? உன் பாதியில் அது இருக்கிறதா?

வேண்டாம், நீ சொல்லாதே. அனுப்பு. நானே படித்துக்கொள்கிறேன்.

உன்
முன்பாதி