ஆளுக்கு ஒரு பக்கம்

மார்ச் 2
கார் வீட்டுக்கு வந்துவிட்டது. கைப்பிடி இல்லாத கதவுகள், வெட்டித் தாழ்த்திய கூரை, தரையை உரசுகிற அடிவயிறு, வெயில் பட்டால் பொன்துகள் மின்னும் ஊதா. கண்காட்சியில் நிறுத்துவதற்கென்றே யாரோ அறுத்து ஒட்டிச் செய்த கார். என் வீட்டுக்காரர் இவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "கத்திரிக்காய் மாதிரி இருக்கு" என்றார். அதுவே பெயராகிவிட்டது.

கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊரார் மூக்குக்கெல்லாம் ஃபிரேம் வளைத்துக் கொடுத்தது போதும். எனக்கென்று ஒரு கிறுக்குத்தனம் இருக்கட்டும். ஜூன் கண்காட்சியில் இதை நிறுத்தப் போகிறேன். பரிசு வேண்டும். என் நோட்டில் எனக்கே மறைப்பானேன்.

மார்ச் 5
எதிரே நின்று பார்த்தால் ஏதோ உறுத்துகிறது.

மார்ச் 8
பிடித்துவிட்டேன். நாள் முழுக்க முகம் பார்க்கிறவளுக்கு இவ்வளவு நேரம் ஆனதே வெட்கம். இடது விளக்கின் மேல்தகடு வலதைவிட ஒரு விரல் இறங்கியிருக்கிறது. பின்சக்கர வளைவு இடப்பக்கம் வட்டம், வலப்பக்கம் முட்டை. கடைக்கு இப்படி ஒரு முகம் வந்தால் ஃபிரேமை வளைத்துச் சமாளிப்பேன். இதை எங்கே வளைப்பது? அடிபட்ட வண்டியைத் தலையில் கட்டிவிட்டானா?

விற்றவனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "அக்கா, நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு. ஸ்டைல்னு நெனச்சேன்."

ஸ்டைலாம். வாயில நல்லா வருது எனக்கு.

மார்ச் 17
பெயிண்டர் வந்து உடம்பெல்லாம் காந்தம் வைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒட்டியது. "அடிபடவே இல்லம்மா. பட்டி பூசி மறைக்கல, பூராவும் தகடு. செய்யும்போதே இப்படித்தான் செஞ்சிருக்காங்க. வெட்டிச் சரி பண்ணலாம். எந்தப் பக்கம் சரின்னு மட்டும் சொல்லுங்க."

அதுதானே தெரியவில்லை. செய்தவரைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 6
விற்றவனுக்கு விற்றவர் ஒரு மரக்கடைக்காரர். கேட்டதுமே சிரித்தார். "அண்ணன் தம்பி ரெண்டு பேரு பண்ண வண்டி. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நான் வாங்கப் போனப்ப சாவி ஒருத்தர்ட்ட, பேப்பர் இன்னொருத்தர்ட்ட. நடுவுல நான் பந்து மாதிரி ஓடினேன்."

ஏப்ரல் 14
அண்ணன்காரர் இப்போது இரும்புக் கேட் செய்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர், என்னைப் பார்க்கவில்லை. நேராக வலப்பக்கம் போய் நின்றார்.

"இது என்னுது. அந்தப் பக்கம் அவன் கெடுத்தது."

இருவரும் சேர்ந்து நடத்திய பட்டறைக்குப் போர்டு எழுத வேண்டியிருந்திருக்கிறது. யார் பெயர் முதலில் என்பதில் சண்டை. வண்டியோ பாதியில் நிற்கிறது. நடுவே சாக்பீஸால் கோடு கிழித்து ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டார்கள்.

"ஒரு பக்கத்துக்கு அட்டையில அளவு வெட்டி, அதையே திருப்பிப் போட்டா மறுபக்கம் வந்துரும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவன்ட்ட போய் அட்டைய குடுன்னு நான் எப்படிக் கேக்கறது? நான் வேற வெட்டிக்கிட்டேன்."

போர்டு கடைசி வரை மாட்டவில்லையாம். "வண்டிய விட்டுட்டுப் போங்க. காசு வேணாம். அந்த இடப்பக்கத்தச் சரி பண்ணித் தரேன். இத்தன வருஷமா உறுத்துது."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "கத்திரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்" என்றார். இந்த மனுஷர் இதற்காகவே காத்திருந்திருக்கிறார்.

ஏப்ரல் 21
தம்பிக்காரர் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் இடத்தில் மேஸ்திரி. வண்டியைப் பார்த்ததும் நேராக இடப்பக்கம். "அந்த வலப்பக்கத்த மட்டும் எங்கிட்ட விடுங்க, வண்டி வண்டியா இருக்கும்." உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன்.

கிளம்பும்போது, கார் ஜன்னலைத் துடைக்கிற சாக்கில் அண்ணனைப் பற்றிக் கேட்டார். "அவரு இளைச்சுட்டாரா?"

இளைக்கவில்லை, கண்ணாடி போடாமல் கண்ணைச் சுருக்கி வேலை செய்கிறார் என்றேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க." நீங்கள்தானே ஐயா கேட்டீர்கள்.

மே 3
கண்காட்சிக்காரர்களிடம் விசாரித்தேன். இரண்டு பக்கமும் ஒத்திருப்பதற்குத் தனி மதிப்பெண். கோணல் வண்டி மேடை ஏறாது. அண்ணனிடமே கொடுக்க முடிவு செய்தேன். தம்பியின் வேலை போய்விடும். போகட்டும். வண்டி என்னுடையது. ஆனாலும் மனசு கேக்கல.

மே 10
அண்ணன் இடப்பக்கத்தில் வெட்டவேண்டிய கோடு போட்டார். மெஷினைக் கையில் எடுத்தார். பிறகு குனிந்து, கதவின் மடிப்பில் கன்னத்தை வைத்து நெடுக ஒரு பார்வை. விரலால் தடவினார். மறுபடி தடவினார்.

"வெறும் சுத்தியல்லயே எடுத்திருக்கான்."

மெஷினைக் கீழே வைத்தார். "இன்னைக்கு கரண்ட் சரியில்ல. எடுத்துட்டுப் போங்க."

பக்கத்தில் கிரைண்டர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. கோட்டைத் துணியால் துடைத்துவிட்டு ஓட்டி வந்தேன்.

ஜூன் 8
நாளை கண்காட்சி. கோணலோடேயே நிறுத்தப் போகிறேன். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அடி விழுந்தால் எனக்குத்தான் விழும்.

ஜூன் 9
பரிசு இல்லை. நடுவர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு, "பாவம்மா, ஒரு பக்கம் இடிச்சிருக்கு போல" என்றார். அழுகை வந்துவிட்டது. அண்ணன் வலப்பக்கமும் தம்பி இடப்பக்கமும் காலையிலிருந்து காவல் தெய்வம் மாதிரி நின்றிருந்தார்கள். நடுவர் சொன்னதைக் கேட்டு இரண்டு பேரும் ஒரே குரலில், "யாரு இடிச்சது?" என்று சண்டைக்குப் போனார்கள்.

நடுவர் நழுவிவிட்டார். சண்டை வேகத்தில் தம்பி வலப்பக்கம் வந்துவிட்டிருந்தார். திரும்பிப் போகவில்லை. அந்த முட்டை வளைவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இத ஒரே தகட்டுல எடுத்தியா?"

"ரெண்டு. ஒட்டு தெரியுதா?"

"தெரியல."

அவ்வளவுதான் பேசினார்கள். நான் டீ வாங்கப் போய்விட்டேன்.

ஜூன் 20
அண்ணன்காரர் கண் பரிசோதனைக்குக் கடைக்கு வந்தார். கூட்டி வந்தது தம்பி. எந்த ஃபிரேம் என்பதில் கடைசி வரை இருவரும் ஒத்துவரவில்லை.