ஏற்றாத மெழுகுதிரி

ஓகஸ்ட் 6, செவ்வாய். சிபியூ, ருமேனியா

காலையில் தூறல். வாடகைக்கு எடுத்த வான் வண்டிக்குள் நான்காவது நாள். அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் ஒரே பெட்டிக்குள். கடவுச்சீட்டும் செருப்பும் தலைமாட்டில். எப்போது எடுத்து வைத்தேனோ.

தங்கை வதனியின் கணவர் சிவா தேநீரோடு வந்தார். "மச்சாள், வீட்டோட திரியிறது நல்லாத்தானே இருக்கு?"

"முந்தியே திரிஞ்சு பார்த்தனாங்கள்."

அவரும் வதனியும் சண்டை முற்றுமுன்பே ஜேர்மனிக்குப் போனவர்கள். 2009இல் நாங்கள் ஷெல்லுக்குத் தப்பி, வீட்டுச் சாமான் முழுக்க ஏற்றி, உடையார்கட்டுக்கு உழவு இயந்திரப் பெட்டியில் போனதை அறியார். சிவாவுக்கு விளங்க நேரமெடுத்தது. தேநீரில் சீனி கூட.

பார்த்தவை: சதுக்கம். இரும்புப் பாலம். கூரைகளில் கண் போன்ற சிறு யன்னல்கள், ஊர் முழுக்க. "வடிவென்ன அக்கா?" என்றாள் வதனி. எனக்கு முதுகு கூசியது.

பின்னேரம் ஒரு பழைய தேவாலயம். வதனி நான்கு மெழுகுதிரி வாங்கி ஒன்றை என்னிடம் தந்தாள். ஏற்றி வைக்க இரண்டு தகரப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சொல். சிவா கைபேசியைப் பிடித்து வாசித்தார்: "இது உயிரோட இருக்கிற ஆக்களுக்கு. அது செத்தவைக்கு."

நின்றுவிட்டேன்.

எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. உயர்தர வகுப்பில் அளவையியல் படிப்பிப்பவள். ஒன்று ஆம், அல்லது இல்லை, நடுவில் எதுவும் கிடையாது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஆமி என் கணவரை வேறு பஸ்ஸில் ஏற்றிய நாளிலிருந்து எந்தப் படிவத்திலும் 'கணவர் உயிருடன் உள்ளாரா' என்ற கட்டம் மட்டும் வெறுமை. வெறும் மெழுகுதிரிதானே. கை போகவில்லை.

வதனி மூன்றையும் செத்தவர் பெட்டியில் வைத்தாள்.

"ஆருக்கு?"

"அப்பாவுக்கு. அம்மாவுக்கு."

"மற்றது?"

சுடரையே பார்த்தாள். "பதினைஞ்சு வருசம், அக்கா."

இரவு பாணும் பருப்பும்.

ஓகஸ்ட் 7, புதன்

வெயில். விடியவே தொலைபேசியில் கிளிநொச்சியிலிருந்து மாமி, இவரின் தாய்.

"கோயில் குளம் ஏதும் கண்டனியோ பிள்ளை?"

"ஓம் மாமி."

"அவனுக்கும் சேர்த்துத்தானே கும்பிட்டனி?"

"ஓம்."

பொய். எட்டு மணிக்குப் புறப்பாடு. அதற்குள் தனியே அந்தத் தேவாலயத்துக்கு நடந்தேன், நேற்றைய மெழுகுதிரி பையில்.

மெழுகுதிரி விற்கும் பெண் பெட்டிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இரண்டின் மிச்சங்களும் ஒரே வாளிக்குள். என்னுடையதையும் அதற்குள் போடப் போனேன். கையைப் பிடித்தாள். ஏதோ சொல்லித் திரியைக் காட்டினாள். ஏற்றவேயில்லையாம். தானே ஏற்றித் தந்து ஒதுங்கி நின்றாள்.

இரண்டு பெட்டிகளும் வெறுமை. கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். மெழுகு விரலில் வழிந்தது.

வாசலில் வதனி. எவ்வளவு நேரமாகவோ. "அக்கா, அவர் வானை எடுத்திட்டார்." கிட்ட வந்து கையை நீட்டினாள். "நான் வைக்கட்டோ?"

"வேண்டாம்."

ஊதினேன்.

ஓடும் வானுக்குள் இருந்து எழுதுகிறேன். பாதி மிச்சம் இருக்கிறது. பைக்குள் திரி இன்னும் புகை மணக்கிறது.