முழங்காலுக்குள் கரையும் ஆணி

ஏப்ரல் 14
எனக்கு மரை கழன்றுவிட்டது என்று அப்பா ஊரெல்லாம் சொல்வார். வெள்ளிக்கிழமை பிஷ்கேக்கில் டாக்டர் மைராம் அக்கா ஒரு மரை போட்டே விட்டார். தலையில் இல்லை, இடது முழங்காலில். மல்யுத்தப் பயிற்சியில் என் ஜோடி அசில்கான் என் இடுப்புக் கச்சையைப் பிடித்துச் சுழற்றினாள். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. டப்! தசைநார் அறுந்தது. தொடைக்குப் பின்னாலிருந்து வேறு நாரெடுத்து, எலும்பில் துளை போட்டுக் கோத்து, மெக்னீசியம் திருகாணியால் இறுக்கியிருக்கிறார்கள்.

"ஒரு வருஷத்துல ஆணி தானா கரைஞ்சிடும். அந்த இடத்துல எலும்பு வளரும். மறுபடி அறுத்து எடுக்க வேண்டாம்."

"டீ நிறைய குடிச்சா சீக்கிரம் கரையுமா அக்கா?"

"வாயை மூடினா சீக்கிரம் ஆறும்."

ஏப்ரல் 15
என் ஆணியில் மின்சாரம் இருக்கிறது என்று பக்கத்துக் கட்டில் குல்பரா அக்காவிடம் அளந்துவிட்டேன். சாயங்காலம் சார்ஜரை நீட்டுகிறாள். "முட்டியில சொருகுடி, போன் சாகப்போகுது." தோல்வி.

மே 3
வீடு. எங்கள் ஊர் நாரின். விதிகள்: கட்டையை ஊன்றி நட. ஓடாதே. குந்தாதே. அடுத்த ஏப்ரல் தேர்வுப் போட்டி, இளையோர் பிரிவில் எனக்குக் கடைசி வாய்ப்பு. போகலாமா என்று கேட்டதற்கு, "எலும்பு சொன்னா போலாம்" என்றார் மைராம் அக்கா. எலும்பே, பேசு.

மே 24
கோடை மேய்ச்சலுக்குக் கிளம்பினோம். கூடாரமும் அம்மாவும் லாரியில்.

"லாரி குலுக்கும், முட்டிக்கு ஆகாது" என்றார் அப்பா. "குதிரையில வா."

"டாக்டர்?"

"கட்டையில்லாம நடக்கத்தானே கூடாதுன்னாங்க? நீயா நடக்கப்போற? குதிரைதானே நடக்குது!"

குதிரைமேல் உட்கார்வதை எங்கள் ஊரில் யாரும் வேலை என்று நினைப்பதில்லை, நாற்காலி மாதிரிதான். தூக்கி உட்காரவைத்தார். மூன்று மணி நேரம். அப்பாடா, காற்று!

மே 25
முட்டி தர்பூசணி.

"அப்பா, வலிக்குது."

"போன வாரமும் இப்படித்தான் பொய்யாக் கத்தி என்னைப் பாதிச் சாப்பாட்டுல ஓடவெச்ச." கை வைத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

மே 27
மறுபடி பிஷ்கேக். எக்ஸ்ரேயில் ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம். அப்பா வெளுத்துவிட்டார்.

"அது காத்து" என்றார் மைராம் அக்கா. "மெக்னீசியம் கரையறப்ப வாயு வரும். எலும்பு வந்து அந்த இடத்தை நிரப்பிடும்."

"அப்ப பயமில்லையே?"

"வீக்கம் அதனால இல்ல. முட்டியால எதை இறுக்கிப் பிடிச்ச? எவ்வளவு நேரம்?"

அப்பா மடியிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பகடி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குதிரை, என்றேன்.

நார் அறுபடவில்லை. கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. "ஆணி கரையறதுக்குள்ள எலும்பு நாரைப் பிடிச்சாகணும். ரெண்டுக்கும் நடுவுல நீ இழுத்துட்ட." மூன்று மாதம் கூடுதல். அதுவும் எலும்பு பிடித்தால்தான்.

மே 28
ஏப்ரல் இல்ல. இல்லவே இல்ல. அப்பா மேல கோபமா? நானும்தானே ஏறினேன். கேட்டிருக்கலாம்ல, ஒரு போன் —

செப்டம்பர் 9
குந்தினேன். எழுந்தும்விட்டேன்.

ஏப்ரல் 20
தேர்வுப் போட்டி. அசில்கானுக்குக் கச்சை கட்டிவிட்டது நான்தான்.

"மூச்சு முட்டுது, தளர்த்துடி!"

"அனுபவி. என் முட்டியை முறுக்கினதுக்குடி இது."

ஜெயித்துவிட்டாள், பாவி. கத்திக் கத்தி என் தொண்டை போனது. போன வாரப் படத்தில் ஆணி நிழலாகத்தான் தெரிகிறது. வளையம் இருந்த இடம் வெளுத்து, எலும்பு.

ஜூலை 21
மைராம் அக்கா அனுமதித்த முதல் மல்யுத்தச் சண்டை, மாமா வீட்டுக் கல்யாண விருந்தில். அரை நிமிடம்கூட இல்லை, பால் பண்ணைக்காரி ஒருத்தி என்னை வானம் பார்க்கவைத்தாள். வாயெல்லாம் புல். தோளில் சிராய்ப்பு. அப்பா ஆட்டுக்கறித் தட்டோடு ஓடிவந்தார்.

"முட்டி எப்படிம்மா இருக்கு?"

"எந்த முட்டி?"

பகடிக்குச் சொல்லவில்லை. இடதா வலதா என்று நிஜமாகவே யோசிக்கவேண்டியிருந்தது.